தழும்போடு ஒரு சவாரி... கொடைக்கானல் ஏரிக்கரையில் மூன்று காலைகள்!

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் ஏறும்போதே அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"பையில என்னடி அவ்வளவு பெருசா?"

ஹெல்மெட். பைக் ஹெல்மெட் இல்லை, குதிரை ஹெல்மெட். அம்மா அதை வெளியே எடுத்துப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். "ஏரியைச் சுத்திப் பார்க்கத்தான் போறோம்னு சொன்ன" என்றார். அதன்பிறகு வத்தலக்குண்டு வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாழைப்பழம் வாங்கினார், ஒன்றை உரித்து என் கையில் கொடுத்தார். அதுவும் பேசாமல்தான்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பத்து மாதங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனை வராண்டாவில் விடியவிடிய உட்கார்ந்திருந்தவர் அவர்தான். எனக்கு அந்த இரவு நினைவில்கூட இல்லை.

நடந்தது இதுதான். டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட். வயிற்று வலி. கேஸ் என்று நானே முடிவுசெய்து சோடா குடித்தேன். இரண்டாம் நாள் பெருங்காயம், மோர். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து, நிமிர்ந்து நிற்க முடியாமல் போனபோதுதான் ஸ்கேன். குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. சின்னத் துளை போட்டு முடிக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டதால், தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை நேராகத் திறந்துதான் கழுவினார்கள். 21 பின்கள், 11 நாள்கள். உடல்நலக் குறிப்புகள் எழுதிப் பதிவேற்றுகிற வேலையில் இருப்பவள், மூன்று நாள் வலியை கேஸ் என்று நம்பிய கதையை அலுவலகத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வலது பக்க அடிவயிற்றில் வலி நகர்ந்து வந்து நின்றால் சோடா தேடாதீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குதிரை அதற்கும் முந்தைய கதை. ஈ.சி.ஆர் பக்கம் ஒரு குதிரைப் பயிற்சி மையத்துக்கு வீடியோ எடுக்கப் போனேன். "எடுத்தது போதும், ஏறிப் பாரும்மா" என்றார் அங்கிருந்த மாஸ்டர், ஓய்வுபெற்ற ராணுவக்காரர். ஏறினேன். இறங்கும்போது தொடை நடுங்கியது, சிரிப்பு நிற்கவில்லை. அடுத்த ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அங்கேதான். சம்பளத்தில் பாதி குதிரைக்குப் போகிறது என்று அம்மா உறவினர்களிடம் எல்லாம் புகார் சொன்னார். பாதியெல்லாம் இல்லை, கால்வாசி.

ஆபரேஷனுக்குப் பிறகு சர்ஜனிடம் நான் கேட்ட முதல் கேள்வியே "எப்போ குதிரை ஏறலாம்?" என்பதுதான். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். ஆறு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார். படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது, ஒருக்களித்துப் புரண்டு கையை ஊன்றித்தான் எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும். "தோல் மேல ஆறினது தெரியும். உள்ள சதைக்கு மேல இருக்கிற உறை ஆறினது கண்ணுக்குத் தெரியாது. அது முழுசா ஆறுறதுக்கு முன்னாடி முக்கினா, தையல் வழியா குடல் பிதுங்கும்" என்றார். குடலிறக்கம். வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன்களுக்குப் பிறகு எல்லோரும் பயப்பட வேண்டியது அதற்குத்தான். தோல் காயமே மூன்று மாதத்தில் பழைய பலத்தில் சுமார் 80 சதவிகிதத்தைத்தான் எட்டுமாம். அதற்குமேல் ஆயுளுக்கும் ஏறாது என்றும் சொன்னார். அந்த மிச்ச 20 சதவிகிதம் என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆறாவது மாதம் ஸ்கேன் பார்த்து, "மெதுவா ஆரம்பிக்கலாம், முதல்ல நடை மட்டும்" என்று சொல்லிவிட்டார். ஏழாவது மாதம் பயிற்சி மையத்துக்குப் போனேன். அங்கே இருப்பவை பெரும்பாலும் ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள், தோள் உயரமே என் தலைக்கு வரும். இடது காலை அங்கவடியில் வைத்தேன். இனி உந்தி எழ வேண்டும். அந்த ஒரு நொடியில் வயிறு கல்லாக இறுகியது. வலி இல்லை. வலி வரப்போகிறது என்கிற பயம் மட்டும். சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலை எடுத்துவிட்டேன். "ரிப்போர்ட் முடிக்கணும் மாஸ்டர்" என்று பொய் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். அதன்பிறகு போகவில்லை.

கொடைக்கானல் ஞாபகம் வந்தது அதனால்தான். அங்கே ஏரிக்கரையில் நிற்பவை மட்டக்குதிரைகள். குதிரை உயரத்தைக் கையளவில் சொல்வார்கள், ஒரு கை என்றால் 4 அங்குலம். பதினாலரைக் கைக்குள் இருந்தால், அதாவது தரையிலிருந்து தோள்வரை 4 அடி 10 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டக்குதிரை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே நடப்பார். என்னைத் தெரிந்தவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

நோயாளிகள் கட்டிய ஊர்

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா அதைக் கவனித்துக்கொண்டே வந்தார். வெள்ளி அருவி தாண்டியதும் காற்று மாறியது. அப்போதுதான் வாயைத் திறந்தார்: "ஸ்வெட்டரைப் போடு."

இந்த ஊருக்கும் உடம்பு தேறுவதற்கும் பழைய தொடர்பு உண்டு. மதுரைப் பக்கம் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலிலும் காலராவிலும் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. பிறகுதான் பழனி மலையின் உச்சிக்கு வந்து 1845-ல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். இன்று ஹனிமூன் ஊர் என்று நாம் எழுதுகிற கொடைக்கானல், நோயாளிகள் தேறுவதற்காகத் தொடங்கிய ஊர்.

அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அப்போது இந்த பஸ் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து செங்குத்தான குதிரைப் பாதை. தெம்பு இருந்தவர்கள் மட்டக்குதிரையில் வந்தார்கள். தெம்பு இல்லாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கி வந்தார்கள். 'லாஸ் காட்' என்று பழைய ஆட்கள் சொல்கிற மலைச்சாலையின் வேலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் நடந்தது. அதுவரை சுமார் 70 வருடம், கொடைக்கானல் என்றாலே ஒன்று குதிரை முதுகு, இல்லையென்றால் இன்னொரு மனிதனின் தோள். அந்தத் தோள்களுக்குச் சொந்தக்காரர்கள் யார், அவர்களுக்கு உடம்பு முடியாதபோது யார் தூக்கினார்கள் என்று எந்தச் சுற்றுலாப் பலகையும் சொல்வதில்லை.

ஏரிக்கு வருவோம். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கிய செயற்கை ஏரி இது. சுற்றி வந்தால் சுமார் 5 கிலோமீட்டர். பிரையன்ட் பூங்கா பக்கமிருந்து ஆரம்பித்தால் சைக்கிள் வாடகைக் கடைகள், சுட்ட சோளம், மிளகாய் பஜ்ஜி, அப்புறம் குதிரைகள். பத்து மணிக்குமேல் போனால் கார் ஹாரனில் குதிரைகளே முகம் சுளிக்கும். ஏழு மணிக்குப் போங்கள். தண்ணீர்மேல் பனி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும், படகுகள் கட்டியபடியே கிடக்கும், சாணி வாசமும் யூகலிப்டஸ் வாசமும் சேர்ந்து வரும்.

முதல் நாள் காலை நான் ஏறவில்லை. குதிரைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு முழுச் சுற்று நடந்தேன். மாஸ்டர் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. விலா எலும்பு எண்ணுகிற அளவுக்குத் தெரிகிறதா? சேணத்துக்கு அடியில், முதுகில் புண் இருக்கிறதா? வாயோரம் கடிவாளம் அறுத்த காயம் இருக்கிறதா? நிற்கும்போது ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா? இதில் எதுவும் இருந்தால் அந்தக் குதிரையில் ஏறக் கூடாது. ஃபோட்டோவுக்காக ஏறுகிறவர்களும் பார்க்க வேண்டிய விஷயம் இது. இரண்டு குதிரைகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. மூன்றாவதாக நின்ற பழுப்பு நிறக் குதிரை வயிறு நிறைந்து, பிடரி வாரி, கொள்ளுப் பையில் மூக்கை விட்டபடி யாரையும் சட்டை செய்யாமல் நின்றது. பெயர் சுல்தான்.

"ரைடு போலாமா மேடம்? ஒரு ரவுண்டு, அரை ரவுண்டு..." என்று வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும்.

"நாளைக்கு வர்றேண்ணே."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க" என்று சிரித்தார்.

அங்கவடியில் ஒரு கால்

இரண்டாம் நாள் ஏழு மணி. அம்மாவும் வந்தார். ஏரிக்கரைப் பெஞ்சில், சால்வையைக் காதுவரை இழுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பார்க்க மாட்டேன் என்று அர்த்தம்.

ஹெல்மெட்டை மாட்டினேன். அண்ணன் ஆச்சர்யமாகப் பார்த்தார். இங்கே யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. போட வேண்டும். உயரம் குறைவுதான் என்றாலும் கீழே இருப்பது தார் ரோடு.

"அண்ணே, எனக்கு வயித்துல பெரிய ஆபரேஷன் ஆகியிருக்கு. பத்து மாசம் ஆச்சு. கீழேயிருந்து எம்பி ஏற மாட்டேன்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுல்தானைக் கரைச்சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். சுவருக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, "சுவத்து மேல ஏறி நின்னு, பக்கத்து வீட்டுத் திண்ணையில உட்கார்ற மாதிரி உட்காருங்க" என்றார். பயிற்சி மையங்களில் இதற்கென்றே மரப்படி வைத்திருப்பார்கள். குதிரையின் முதுகுக்கும் அதுதான் நல்லது. ஏழாவது மாதத்தில் அதைக் கேட்டு வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கே கேட்காமலே கிடைத்தது.

சுவரில் ஏறினேன். இடது கால் அங்கவடியில். வயிறு இறுகியது, அதே கல். மூச்சை வெளியே விட்டேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னது அது ஒன்றுதான்: முக்காதே, மூச்சை விட்டுக்கொண்டே செய். வலது கால் மறுபக்கம் போனது. சேணம் முனகியது. உட்கார்ந்துவிட்டேன்.

அவ்வளவுதான். எதுவும் கிழியவில்லை.

சுல்தான் நடக்க ஆரம்பித்தது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு நம் இடுப்பை முன்னும் பின்னும், இட வலமாகவும், லேசாகத் திருப்பியும் அசைக்கும். நாம் சொந்தக் காலில் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ ஏறக்குறைய அப்படியே. நடக்க முடியாதவர்களுக்குக் குதிரையை வைத்துச் சிகிச்சை கொடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். அந்த அசைவுக்கு ஈடுகொடுத்து நிமிர்ந்து உட்கார, வயிற்றுத் தசைகள் விடாமல் சின்னச் சின்னதாக வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். பத்து மாதமாக நான் தூங்கவைத்திருந்த தசைகள். தழும்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக விழிப்பதை உணர முடிந்தது. கால் மரத்துப்போய்த் திரும்ப ரத்தம் ஓடும்போது சுருக் சுருக் என்று இருக்குமே, அந்த மாதிரி.

மாஸ்டர் அடிக்கடி சொல்கிற ஒரு பெயர் உண்டு: லிஸ் ஹார்டெல். டென்மார்க்காரர். 1944-ல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே செயல் இல்லாமலே திரும்பக் குதிரை ஏறினார். ஏறவும் இறங்கவும் ஆள் பிடிக்க வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு டிரெஸ்ஸாஜ் பிரிவில் வெள்ளி வாங்கினார், 1956-ல் இன்னொரு வெள்ளி. ஹெல்சிங்கியில் அவரை மேடையேற உதவியவர், அவரை முந்தித் தங்கம் வாங்கிய ஸ்வீடன் வீரர். ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாஸ்டர் இந்தக் கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின் குத்திய வயிற்றோடு படுத்திருப்பவளுக்கு ஒலிம்பிக் கதை எதற்கு? சுல்தான் முதுகில் நினைவுக்கு வந்தது வெள்ளிப் பதக்கம் இல்லை, ஏறவும் இறங்கவும் ஆள் பிடிக்க வேண்டும் என்பதுதான்.

முக்கால் கிலோமீட்டர் போயிருப்போம். பின்னால் ஒரு சுற்றுலா வேன் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தது. சுல்தான் தலையைத் தூக்கி இரண்டு எட்டு துள்ளியது. என் உடம்பு முன்னால் மடங்கியது. தழும்பில் சுளீர் என்று ஒரு இழுப்பு. கண் இருட்டியது. அண்ணன் அதற்குள் கயிற்றை இறுக்கி, சுல்தானின் கழுத்தைத் தட்டி, என்னமோ முணுமுணுத்துச் சமாதானப்படுத்திவிட்டார்.

"இறங்குறேண்ணே."

"இறங்குங்க. அவசரமில்ல."

சுவர் ஓரம் இறக்கிவிட்டார். சுவரில் உட்கார்ந்து, சட்டைக்கு மேலாகவே தழும்பு நெடுக விரலால் அழுத்திப் பார்த்தேன். புடைப்பு இல்லை. இருமிப் பார்த்தேன். இல்லை. கண்ணில் நீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"எனக்கும் இருக்கு" என்றார் அவர். சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தழும்பு, அதன்மேல் எலுமிச்சம்பழ அளவில் ஒரு மேடு. இரண்டு வருடம் முன்பு குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். மூன்று மாதம் பளு தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் கொள்ளு மூட்டையைத் தூக்கியிருக்கிறார். திரும்ப வந்துவிட்டது.

"ஏண்ணே தூக்கினீங்க?"

"சீசன் பாப்பா. நான் படுத்துக்கலாம், இது படுத்துக்குமா? ஓடினாலும் தின்னும், நின்னாலும் தின்னும்." சுல்தானைக் காட்டினார். மேடம் எப்போது பாப்பா ஆனது என்று தெரியவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். "அட்டை ஆஸ்பத்திரிக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு மாசத்துக்கு எந்த அட்டை?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்பவருக்குச் சொல்வதுபோல் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. எனக்கு மருத்துவ விடுப்பு இருந்தது, வீட்டிலிருந்து வேலை பார்க்க லேப்டாப் இருந்தது, இட்லியைப் பிசைந்து ஊட்ட அம்மா இருந்தார். என் வயிறு நன்றாக ஆறியதில் சர்ஜனின் திறமை பாதி, மீதி இவையெல்லாம்தான். அந்த 20 சதவிகிதத்தை நினைத்து ராத்திரி விழித்திருக்கக்கூட எனக்கு நேரம் இருந்தது.

திரும்பிப் போகும்போது ஏறுவதா நடப்பதா என்று யோசித்தேன். சுல்தான் என் ஹெல்மெட்டை முகர்ந்தது. பாதி தூரம் நடந்தேன். பிரையன்ட் பூங்கா கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், இன்னொரு தாழ்வான சுவர் வந்தபோது, "இங்க நிறுத்துங்கண்ணே" என்றேன்.

பெஞ்சில் அம்மா இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். சால்வை காதிலிருந்து இறங்கிக் கழுத்தில் கிடந்தது. நான் குதிரையில் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கியதும் முதல் வேலையாக என் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு வருடமாக அவருக்கு அது பழக்கம். காய்ச்சலா என்று நெற்றியைத் தொடுகிற மாதிரி, என் வயிற்றைத் தொடுவார்.

அண்ணன் விஷயத்தை டீ குடிக்கும்போது அம்மாவிடம் சொன்னேன். "மூணு வாரத்துலயா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். தொடை இரண்டும் கட்டை மாதிரி இருந்தன, வயிறு சத்தம் காட்டவில்லை. ஆறரை மணிக்கே அம்மா எழுப்பினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே என் வயிற்று பெல்ட். முன்னெச்சரிக்கையாக எனக்குத் தெரியாமல் மதுரையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். நான் மட்டும்தான் ஹெல்மெட்டை மறைத்து எடுத்து வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் சுல்தானுக்குச் சேணம் இன்னும் போடவில்லை. ஈரப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் மூட்டையைத் தோளில் ஏற்றப் போனார்.

"தம்பி, அதை வைங்க கீழே" என்றார் அம்மா, எங்கள் தெருவில் யாரையோ அதட்டுகிற குரலில். அவர் வைத்துவிட்டார். நானும் அவருமாக மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டோம். "பெல்ட் இதைக் குணமாக்காது அண்ணே, சீசன் முடிஞ்சதும் கண்டிப்பா காட்டணும். மேடு உள்ள போகாம கல்லா நின்னு வலிச்சு வாந்தி வந்தா, சீசன்லாம் பார்க்கக் கூடாது, அன்னைக்கே ஓடணும்" என்றேன். தலையாட்டினார். எத்தனை பேரிடம் இப்படித் தலையாட்டியிருப்பாரோ.

அம்மா பெல்ட்டை விரித்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைச் சட்டைக்கு மேலேயே தலைகீழாகச் சுற்றினார். பக்கத்துக் குதிரைக்காரர்கள் சிரித்தார்கள்.

"அப்படி இல்ல. படுத்துக்கிட்டு, மேட்டை உள்ள தள்ளிட்டுக் கட்டணும். இப்போ நின்னே பாருங்க, அகலமான பக்கம் கீழே வரட்டும்" என்றார் அம்மா. "மூச்சை விடுங்க தம்பி. முழுசா விட்டுட்டு இழுங்க."